கணக்கில் வராத பாயசம்

என் மன்னி அனந்தலக்ஷ்மியைப் பார்க்காதவர்கள் திருவனந்தபுரத்தில் குறைவு. பெயர் தெரிந்திருக்காது, முகம் தெரியும். தம்பானூர் பஸ் நிலையத்தில் விசாரணைக் கூண்டுக்குள் உட்கார்ந்திருப்பாளே, நாகர்கோவிலுக்கு அடுத்த வண்டி எப்போது, பொன்முடிக்கு இன்றைக்கு இனி உண்டா என்று மலையாளத்தில் கேட்டால் மலையாளத்திலும் தமிழில் கேட்டால் தமிழிலும் சலிக்காமல் சொல்வாளே, அந்தப் பெரிய உடம்புக்காரி. அவளேதான். பெரிய உடம்பு என்று நான் எழுதியதற்காக என்னைச் சண்டைக்கு இழுக்க வேண்டாம். அவளே அப்படித்தான் சொல்லிக்கொள்வாள்.

மற்றவர்கள் சொல்வதுதான் எனக்குப் பொறுக்காது. ஒருநாள் அவளுக்குச் சாப்பாடு கொடுக்கப் போயிருந்தேன். கூண்டுக்கு வெளியே நெடுமங்ஙாடு வண்டி கேட்க நின்ற ஒருத்தர் தன் கூட்டாளியிடம், இவளை உள்ளே உட்கார வைத்துவிட்டு அப்புறம் கூண்டைக் கட்டியிருப்பார்கள் என்று அவள் காதுபடச் சொல்லிச் சிரித்தார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. மன்னி அவரிடம், "நெடுமங்ஙாடு வண்டி ஏழாம் நம்பர்ல நிக்கறது, ஓடினா கிடைக்கும்" என்றாள். அவர் ஓடினார். "மன்னி, உனக்கு உப்பு உறைப்பே கிடையாதா?" என்று கேட்டேன். "அவருக்கு வண்டி போயிடும்டி" என்றாள். அப்படி ஒரு பிறவி.

நான் மீரா. அவள் கணவனின் தங்கை. கழக்கூட்டத்தில் மென்பொருள் கம்பெனியில் மற்றவர்கள் எழுதியதில் தப்புக் கண்டுபிடிப்பது என் உத்தியோகம். என் சுபாவமும் அதுதான் என்று வீட்டில் பேச்சு. ஸ்ரீவராகத்தில் எங்கள் வீட்டில் நாலு பேர். அம்மா, அண்ணா வெங்கடேஸ்வரன், மன்னி, நான். அண்ணாவுக்குக் கோட்டைக்குள் ஒரு சின்னக் கோயில் மடைப்பள்ளியில் வேலை. விடியுமுன் குளித்துவிட்டுப் போய் நைவேத்தியம் காய்ச்சிவிட்டு எட்டு மணிவாக்கில் வீட்டுக்கு வருவான். ஒரு நாளைக்கு மொத்தமாகப் பத்து வார்த்தை பேசினால் அதிகம்.

மன்னியின் முதல் குழந்தை எட்டாம் மாதத்தில் வயிற்றுக்குள்ளேயே அசைவை நிறுத்திவிட்டது. ஆண் குழந்தை. இது நடந்து நாலு வருஷம் ஆகிறது. ஒருத்தி, "இவ்வளவு சரீரம் இருந்தா குழந்தைக்கு மூச்சு முட்டாதோ" என்று துக்கம் விசாரிக்க வந்த இடத்தில் சொல்லிவிட்டுப் போனாள். நான் அவளோடு இன்று வரைக்கும் பேசுவதில்லை. மன்னி அந்தப் பெண்மணிக்குக் காப்பி கொடுத்து வாசல் வரை கொண்டுவிட்டாள். அதற்கப்புறம் வீட்டில் யாரும் குழந்தை என்ற பேச்சையே எடுக்கவில்லை.

போன வருஷம், முப்பத்தைந்து வயதில், அவள் மறுபடியும் உண்டானாள். எங்கள் எல்லோருக்கும் வேண்டியது ஒன்றே ஒன்றுதான். இந்தக் குழந்தை உயிரோடு கைக்கு வர வேண்டும். அம்மா அன்றைக்கே கோயிலுக்குப் போய் நேர்ந்துகொண்டு வந்தாள். வேறு எந்த வேண்டுதலுக்கும் இல்லாத கண்டிப்போடு ஒரு நேர்ச்சை. குழந்தை பிறக்கும் வரைக்கும் தினமும் அதன் பேரில் நெய்ப்பாயசம், அனந்தா ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிடுவாள் என்று. அண்ணாவே காய்ச்சிக் கொண்டுவருவான். எங்கள் வீட்டில் இதெல்லாம் குழாயில் தண்ணீர் வருவது மாதிரி சாதாரண விஷயம். நானும் அதை அப்படியே மறந்துபோனேன்.

ஆறாம் மாதம் சர்க்கரை பார்த்தார்கள், இருந்தது. கர்ப்பத்தில் வருகிற சர்க்கரை, சாப்பாட்டில் கவனமாக இருந்தால் அனேகமாக அடங்கிவிடும் என்று டாக்டர் சொன்னார். மன்னி அன்றிலிருந்து காப்பிக்குச் சர்க்கரையை விட்டாள். சாதத்தைக் குறைத்தாள். இட்லி இரண்டுக்கு மேல் தொடமாட்டாள். விரலில் குத்திப் பார்க்கிற கருவி ஒன்று வாங்கினோம். வெறும் வயிற்றில் நன்றாக இருக்கும், ராத்திரியும் பரவாயில்லை. காலைச் சாப்பாட்டுக்கு அப்புறம் பார்த்தால் மட்டும் எகிறி நிற்கும். தினமும் இதே கதை. ஸ்கேன் எடுத்தபோது குழந்தையின் வயிற்றுச் சுற்றளவு மாதக் கணக்கைத் தாண்டி முன்னால் போயிருந்தது. குழந்தையைச் சுற்றியுள்ள நீரும் அதிகம்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மலையாளத்தில், "ஒளிச்சு வல்லதும் கழிக்குந்நுண்டோ?" என்று கேட்டார். யாருக்கும் தெரியாமல் ஏதாவது சாப்பிடுகிறாயா என்று. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மன்னியின் முகம் கறுத்துவிட்டது. நான் எழுந்து நின்றேன். அவள் என் கையைப் பிடித்து உட்கார வைத்து, "இல்ல டாக்டர்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

ஆட்டோவில் வரும்போது, "திருடித் திங்கறேன்னு நினைச்சுட்டா, மீரா" என்றாள். "என் உடம்பைப் பார்த்தா யாருக்கும் அப்படித்தானே தோணும்." அவள் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். நான் ஆட்டோக்காரரிடம் காரணமில்லாமல் வள்ளென்று விழுந்தேன்.

அந்த ஆஸ்பத்திரியில்தான் ரெனியைச் சந்தித்தோம். பாறசாலைக்காரி, வீட்டில் தமிழ். எடை கூடுதலாக உள்ள கர்ப்பிணிகளின் குடல் எப்படி இருக்கிறது, அது வயிற்றிலிருக்கும் பிள்ளையை எப்படிப் பாதிக்கிறது என்று ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். மன்னியையும் சேர்த்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். ரத்தம் கொடுக்க வேண்டும், என்ன சாப்பிட்டோம் என்று வாரா வாரம் சொல்ல வேண்டும். மூன்றாவதாக ஒன்றைச் சொல்ல அவள் சிறிய டப்பா ஒன்றை எடுத்து மேஜை மேல் வைத்தாள்.

"இதுல என்ன?" என்றாள் மன்னி.

"காலைக்கடன்தான் அக்கா. கொஞ்சம் போல."

மன்னி டப்பாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

"இதுல நாணப்பட ஒண்ணும் இல்ல அக்கா. எனக்க வேலையே இதாக்கும். எங்க வீட்டுலயும் கேப்பாவ, இதுக்கா இவ்வளவு படிச்சேன்னு" என்றாள் ரெனி. மன்னிக்கு அவளை அப்போதே பிடித்துவிட்டது.

ரெனி வாரா வாரம் கேட்பாள், நேற்று எழுந்ததிலிருந்து வாயில் போட்டதெல்லாம் சொல்லுங்கள் என்று. மன்னி ஒன்று விடமாட்டாள். இட்லி, சாம்பார், மோர், இருமலுக்கு வாயில் அடக்கிய ஒரு மிளகு வரைக்கும் சொல்வாள். ரெனி தலையைச் சொறிவாள். "நீங்க சொல்லியதுக்கும் உங்க சுகருக்கும் பொருத்தமே இல்லியே அக்கா. ஆனா நீங்க பொய் சொல்லல்லேன்னு எனக்குத் தெரியும்" என்பாள்.

டப்பா விஷயத்தில் ஒரு சிக்கல் வந்தது. எடுத்ததை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரும் வரை ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டுமாம். எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் பூஜைக்கு வைத்த பால் இருக்கும். ஆசாரத்தில் அம்மா எப்படியென்றால், வெங்காயம் வைத்த தட்டைக்கூட அந்த அடுக்கில் சேர்க்கமாட்டாள். மன்னி ரெனியிடம் கெஞ்சினாள். ரெனி யோசித்துவிட்டு, ஐஸ் பெட்டியோடு தானே காலையில் வந்து வாங்கிக்கொள்வதாகச் சொன்னாள். அம்மாவிடம், ரத்தம் எடுக்க ஒரு குட்டி வருகிறாள் என்று சொல்லி வைத்தோம்.

ரெனி வந்த அன்று எட்டு மணி. பெட்டியை மூடிக்கொண்டு கிளம்பப் போனவளை அம்மா காப்பி குடிக்காமல் போகக் கூடாது என்று உட்கார வைத்தாள். அதே நேரத்தில் அண்ணா தூக்குப் பாத்திரத்தோடு வந்தான். மன்னி கை கால் கழுவிக்கொண்டு பூஜை அலமாரிக்கு நேரே போய் நின்றாள். அம்மா வெள்ளிக் கிண்ணம் நிறையப் பாயசத்தை ஊற்றினாள். வெல்லமும் நெய்யுமாகக் கறுத்து மின்னியது. மன்னி கண்ணை மூடி ஏதோ வேண்டிக்கொண்டு, பேசாமல், நின்றபடியே முழுக்கச் சாப்பிட்டு, கிண்ணத்தை விரலால் வழித்து நக்கினாள். அப்புறம் வந்து உட்கார்ந்து, "இனிமேதான் பலகாரம் சாப்பிடணும்" என்றாள்.

ரெனி காப்பி டம்ளரைக் கீழே வைத்தாள். "அக்கா, இது தினமும் உண்டா?"

"எது?"

"இப்ப குடிச்சது."

மன்னி சிரித்தாள். "அது பிரசாதமாக்கும். நேர்ச்சை."

அவள் முகத்தில் துளிக் கள்ளம் இல்லை. அம்மா முகத்திலும் இல்லை, அண்ணா முகத்திலும் இல்லை. ஏன், என் முகத்தில்? ஊரார் எழுதிய தப்பையெல்லாம் கண்டுபிடிக்கிற நான் இத்தனை மாதமாக அந்தக் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே ஆபீசுக்குக் கிளம்பியிருக்கிறேன். சாப்பாடு என்ன என்று கேட்டால் சாப்பாட்டைத்தானே சொல்வோம். பகவான் கொடுத்ததைச் சாப்பாட்டோடு சேர்த்து எண்ண எங்களில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

ரெனி வீட்டுக்குள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வாசலுக்கு வந்ததும் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "மீரா, நான் சர்ச்சுக்குப் போறவ. உங்க பிரசாதத்தைப் பத்தி நான் வாய் தொறந்தா அது வேற மாதிரி ஆயிரும். நீங்க சொல்லணும். சீக்கிரம் சொல்லணும்" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.

நயமாகச் சொல்வது எனக்கு வராத காரியம். அன்று ராத்திரி எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருக்கையில் போட்டு உடைத்தேன். சர்க்கரை ஏறுவது பாயசத்தால்தான், குழந்தை வீங்குவது பாயசத்தால்தான், நாளையிலிருந்து நிறுத்த வேண்டும் என்று. அண்ணா கையிலிருந்த உருண்டையைத் திரும்ப இலையில் வைத்தான். "நானாக்கும் காய்ச்சினது" என்றான். "நெய் கூட ஒரு கரண்டி ஜாஸ்தி விட்டேன்."

அம்மா கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. "வாக்கு கொடுத்தாச்சு. ஒரு பருக்கை மிச்சம் வைக்கமாட்டான்னு சொல்லியாச்சு. இப்போ மாத்தினா, மறுபடியும் அது..." என்று ஆரம்பித்தவள் முடிக்க முடியாமல் எழுந்து உள்ளே போய்விட்டாள். அம்மாவுக்குப் பிடிவாதம் என்றுதான் நான் எண்ணியிருந்தேன். அவளுக்கு இருந்தது பயம். எங்களைப் போலவே, அந்தக் குழந்தையைப் பற்றிய பயம்.

மறுநாள் பாயசம் வந்தது. மன்னி கிண்ணத்தைக் கையில் வாங்கிக்கொண்டு ரொம்ப நேரம் நின்றாள். பாதி சாப்பிட்டாள். மீதியை மூடி வைத்துவிட்டு என்னிடம், "என்னை அந்த ரெனிக் குட்டியண்டை கூட்டிண்டு போ. என்ன நடக்கறதுன்னு எனக்கே தெரியணும்" என்றாள்.

ரெனியின் ஆய்வுக்கூடம் ஒரு நீளமான அறை. அங்கிருந்த உயரமான முக்காலியை மன்னி பார்ப்பதற்குள் ரெனி ஓடிப்போய்க் கை இல்லாத ஒரு அகல நாற்காலியைக் கொண்டுவந்து போட்டுவிட்டாள்.  அப்புறம் ஒரு கண்ணாடித் துண்டை எடுத்து நுண்ணோக்கியில் வைத்து, "பாருங்க அக்கா. உங்க டப்பாவுல இருந்து எடுத்ததாக்கும்" என்றாள்.

மன்னி குனிந்தாள். நிமிரவே இல்லை. என் முறை வந்தபோது நானும் பார்த்தேன். ஊதா நிறத்தில் புள்ளிகள், கோடுகள், வளைந்தவை, சங்கிலியாகக் கோத்தவை, ஒன்றின் மேல் ஒன்றாக ஆயிரமாயிரம். கீழேயுள்ள திருகைத் திருப்பத் திருப்ப இன்னும் இன்னும் வந்துகொண்டே இருந்தன. என் வாய் அடைத்துப்போனது. அது சாதாரணமாக நடக்கிற காரியம் இல்லை.

"இது நானா?" என்றாள் மன்னி.

"உங்க குடலுக்குள்ள கூட இருக்கிய ஆட்கள், நுண்ணுயிருங்க" என்றாள் ரெனி. "எனக்குள்ளயும் உண்டு, மீராவுக்குள்ளயும் உண்டு. கோடி கோடியா. நமக்குச் செமிக்காத நாரு இருக்குல்லா, வாழைத்தண்டு, கீரை, பயறு, அதுதான் இதுங்களுக்குச் சாப்பாடு. அதைத் தின்னுட்டு சில சத்தை உண்டாக்கும். குடல் சுவரு அதுனாலதான் உறுதியா நிக்குது. நம்ம ரத்தத்துலயும் அது கலக்கும். எலியில பாத்திருக்காவ, அது நஞ்சுக்கொடி வழியா குட்டிக்கும் போகுது. குட்டிக்க குடலு, நோயை எதுக்கிய சக்தி, மூளைகூட அதைக் கேட்டுத்தான் வளருதுன்னு தெரியுது."

"என் உடம்பு இப்படி இருக்கறதுனால?"

ரெனி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். "எடை கூடுதலா உள்ள அம்மாமார்ல இதுங்களுக்க வகை குறையறதுண்டு. குடல் சுவரு கொஞ்சம் இளகும். உள்ள நிக்க வேண்டியது ரத்தத்துல கசிஞ்சு, உடம்பு முழுக்க லேசா ஒரு அழற்சி இருந்துட்டே இருக்கும். நஞ்சுக்கொடியும் அதை அறியும். இனிப்பும் கொழுப்பும் கூடி, நாரு குறைஞ்சா இன்னும் மோசம். ஆனா அக்கா, மனுஷங்கள்ல நாங்க இப்பதான் பாத்துட்டு இருக்கோம். எனக்குத் தெரிஞ்சதைவிடத் தெரியாததுதான் கூடுதல்."

மன்னி கைகளை வயிற்றின் மேல் கோத்துக்கொண்டாள். நாங்கள் யாரும் இத்தனை வருஷமாகக் கேட்காததை அவள் கேட்டாள். "அப்போ முதல் குழந்தை போனது என்னாலயா?"

 "தெரியாது அக்கா" என்றாள் ரெனி. "யாருக்கும் தெரியாது. உங்க தப்புன்னு யாராவது சொன்னா, டாக்டரே சொன்னாலும், நம்பாதீங்க. உடம்பு எடை போடுறதுக்கு ஆயிரம் காரணம் உண்டு. அது ஒரு குத்தமில்ல."

மன்னி தலையை ஆட்டினாள். மறுபடி குனிந்து நுண்ணோக்கியில் கண்ணை வைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து, குனிந்தபடியே, "இத்தனை பேருக்கும் யார் சமைக்கறா?" என்று கேட்டாள்.

"நீங்கதான்" என்றாள் ரெனி.

நானும் மன்னியும் ஸ்கூட்டரில் திரும்பினோம். கிழக்கேகோட்டை சிக்னலில் நின்றபோது என் தோளைத் தொட்டு, "இத்தனை நாளா இந்த உடம்பைப் பார்த்தாலே எனக்கு வெறுப்பா இருக்கும், தெரியுமோ. உள்ளே இவ்வளவு நடக்கறதுன்னு யாருமே சொல்லலையே" என்றாள். பின்னால் ஹாரன் அடித்தார்கள். பச்சை விழுந்ததைக்கூட நான் கவனிக்கவில்லை.

அன்று சாயங்காலம் அம்மா கூடத்தில் புடலங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். என்னோடு பேச்சுவார்த்தை இல்லை. மன்னி போய் அவள் எதிரில் சிரமப்பட்டுத் தரையில் உட்கார்ந்தாள். விசாரணைக் கூண்டில் வழி தெரியாமல் நிற்கிறவர்களிடம் எப்படிப் பேசுவாளோ அதே குரலில் பேசினாள்.

"அம்மா, நேர்ந்துண்டது யாருக்கு?"

"குட்டிக்கு."

"குட்டிக்கு நான் சாப்பிடறதுதான் போறது. நான் ஒரு கிண்ணம் சாப்பிட்டா என் ரத்தத்துல ஏறின சர்க்கரை அப்படியே அதுக்கும் போறது. நமக்குன்னா மதி, போறும்னு சொல்லலாம். அதுக்கு மதின்னு சொல்லத் தெரியாது. வந்ததையெல்லாம் வாங்கிண்டு வீங்கறது."

"பகவான் கொடுக்கறது கெடுதல் பண்ணுமோ?"

"கெடுதல்னு நான் சொல்லுவேனா? கோயில்ல தீர்த்தம் ஒரு உத்தரணிதானே வாங்கிக்கறோம். அதுலே அருள் குறைச்சலா வரதா?"

அம்மா கத்தியைக் கீழே வைத்தாள்.  வாசற்படியில் நின்றுகொண்டிருந்த அண்ணா உள்ளே வந்தான். "காய்ச்சறவன் நான். வாக்குல பிழைன்னா அது என் தலையில விழட்டும்" என்றான். அவன் அன்றைய பத்து வார்த்தையும் அதிலேயே தீர்ந்தது. அம்மா அவனையும் மன்னியையும் மாறி மாறிப் பார்த்தாள்.  கடைசியில் அம்மா எழுந்து பூஜை அலமாரியைத் திறந்து, தீர்த்தம் கொடுக்கிற சின்னச் செப்புக் கரண்டியை, அந்த உத்தரணியை, எடுத்துப் புளி போட்டுத் துலக்க ஆரம்பித்தாள். துலக்கிக்கொண்டே, "மிச்சம் யார் சாப்பிடுவா? எனக்கும் சர்க்கரை, அவனுக்கும் சர்க்கரை" என்றாள்.

"மீரா இருக்காளே" என்றாள் மன்னி.

அன்றிலிருந்து மன்னிக்கு ஒரு உத்தரணி, எனக்குக் கிண்ணம். குழந்தை பிறப்பதற்குள் நான் நாலு கிலோ ஏறினேன். ஆபீசில் ஒருத்தன் அதைப் பற்றிக் கிண்டல் செய்தான். அவன் எழுதினதில் அந்த வாரம் பதினேழு தப்புக் கண்டுபிடித்தேன்.

அம்மா சமையலை மாற்றினாள். தன் தோல்வியை ஒப்புக்கொள்ளாமல், என்னவோ தானே யோசித்தது போல. வாழைத்தண்டு, கொத்தவரங்காய், முருங்கைக்கீரைத் தோரன், முளைகட்டின பயறு. "உள்ளே இருக்கறவாளுக்கும் சேர்த்துப் பண்ணியிருக்கேன், சாப்பிடு" என்று தட்டில் போடுவாள். மன்னி சாயங்காலங்களில் கோட்டை வாசல் வரை மெதுவாக நடந்துவிட்டு வருவாள். காலைச் சர்க்கரை ஒரு வாரத்திலேயே இறங்கியது. முழுக்க அடங்கவில்லை, கடைசி மாதம் ராத்திரியில் கொஞ்சம் இன்சுலின் போட வேண்டியிருந்தது. ரெனி அடுத்தடுத்த டப்பாக்களைப் பார்த்துவிட்டு, நுண்ணுயிர்களின் வகை கூடியிருக்கிறது என்றாள். உடனே, ஒரு ஆளை வைத்து எதையும் சொல்லக் கூடாது என்று தன்னையே கடிந்துகொண்டாள்.

எட்டாம் மாதம் ஸ்கேனுக்கு நானும் உள்ளே போனேன். குழந்தையின் வயிற்றுச் சுற்றளவு கோட்டுக்கு அருகில் வந்துவிட்டது என்று டாக்டர் சொன்னார். அவர் குரலில் ஒரு தயக்கம் இருந்தது. போன தடவை கேட்டதை நினைத்துக்கொண்டாரோ என்னவோ. திரையை மன்னியின் பக்கம் திருப்பி ஒரு இடத்தைக் காட்டினார். குழந்தை வாயைத் திறந்தது, மூடியது. தன்னைச் சுற்றியிருந்த நீரை ஒரு மிடறு விழுங்கியது. மறுபடியும் திறந்தது. பசிக்காகச் சாப்பிடுகிற காரியம் இல்லை அது. குடலைப் பழக்கிக்கொள்கிறதாம். வெளியே வந்து சாப்பிடுவதற்கு, உலகத்தையே பார்க்காத ஒரு உயிர், இருட்டில் உட்கார்ந்து ஒத்திகை பார்க்கிறது. மன்னி மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தாள். எனக்குக் கும்பிட வேண்டும் போலிருந்தது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்.

முதல் குழந்தை அசைவை நிறுத்திய அந்த வாரமும் வந்தது. மன்னி விடுப்பு எடுக்கமாட்டேன் என்றாள். வீட்டில் இருந்தால் பயமாக இருக்கிறதாம். கூண்டுக்குள் உட்கார்ந்து ஒரு கையை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு பஸ் நேரம் சொன்னாள். நான் ஆபீசிலிருந்து மணிக்கொருதரம் போன் செய்தேன். "உதைக்கறது, வை" என்பாள். வாரம் கழிந்தது. அண்ணா அந்த வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றாமல் கூடத்தில் உட்கார்ந்து சின்னப் பிள்ளை போல அழுதான்.

பிரசவத்துக்கு நாள் குறித்து மருந்து கொடுத்து வலி வரவழைத்தார்கள். காலையில் உள்ளே கொண்டுபோனார்கள், மத்தியானம் தாண்டியது. நாங்கள் மூன்று பேரும் வெளியே வராந்தாவில். அம்மா மடியில் ஒரு சின்னப் பெட்டி. அதில் மலைத்தேனும், உரைக்க ஒரு தங்க மோதிரமும். பிறந்த குழந்தையின் நாக்கில் வீட்டுப் பெரியவள் முதல் ருசியாகத் தேனும் பொன்னும் தொட்டு வைப்பது எங்களில் வழக்கம். எனக்கு வைத்தது அம்மாவின் மாமியார். முதல் குழந்தைக்கும் அம்மா இதே போலப் பெட்டியோடு வந்து, திறக்காமல் திரும்பிப் போனாள். இன்றைக்கு அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறந்த குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதை அம்மாவிடம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

கதவுக்கு அந்தப் பக்கம் அழுகை கேட்டது. மெலிந்த, கோபமான, நிற்காத அழுகை. அண்ணா சுவரைப் பிடித்துக்கொண்டான். பெண் குழந்தை என்றார்கள்.

கொஞ்ச நேரத்தில் எங்களை உள்ளே விட்டார்கள். நர்ஸ் குழந்தையின் குதிகாலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெற்றவளுக்குச் சர்க்கரை இருந்தால் பிறந்த குழந்தைக்குச் சர்க்கரை சட்டென்று இறங்குமாம். "கொறச்சு குறவாணு, சுகர் கொஞ்சம் கம்மி. இப்பவே வயத்துக்குள்ள எதாவது போகணும்" என்று பாதி மலையாளமும் பாதித் தமிழுமாக அவசரமாகச் சொன்னாள்.

அம்மா பெட்டியைத் திறந்துவிட்டாள். தேன் விரலில் இருந்தது. இறங்கின சர்க்கரைக்குத் தேன், அவள் நேர்ந்துகொண்டதற்குப் பலன், இத்தனை வருஷ வழக்கம், எல்லாமே அவள் பக்கம் இருந்தன. நர்ஸ் தடுக்கக் கையை நீட்டினாள். மன்னி கட்டிலில் துவண்டு கிடந்தாள், பேசச் சக்தி இல்லை. அவள் கண் மட்டும் அம்மாவின் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அம்மா குழந்தையின் முகத்துக்கு வெகு அருகில் குனிந்தாள். குழந்தை வாயைத் திறந்தது, மூடியது. ஒன்றுமில்லாத காற்றை ஒரு மிடறு விழுங்கியது.

அம்மா விரலைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டாள். குழந்தையை நர்ஸிடமிருந்து வாங்கி, மன்னியின் மார்பின் மேல், அந்தப் பெரிய உடம்பின் மேல், பதமாக வைத்தாள்.

"உள்ளே இருந்தப்போ நீதானே அனந்தா ஊட்டினே. இப்பவும் நீயே கொடு" என்றாள்.